மேல்பொத்தானின் கழுத்து

மேல்பொத்தானின் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் இனி இதைச் சொல்லலாம். அவர் உயிரோடு இருக்கும்வரை இது அவர் காதில் விழவே கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். என் வாயில் எதுவும் தங்காது என்பது எங்கள் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்த விஷயம். இதை மட்டும் எப்படியோ விழுங்கிவைத்திருந்தேன்.

மேல்பொத்தான் என்பது நான் வைத்த பெயர். நாங்கள் ஆண்களுக்குச் சட்டை தைக்கிறவர்கள். அவள் காலர் தைப்பாள், நான் கைப்பட்டை. பக்கத்துப் பக்கத்து மெஷின். வேலைக்குச் சேர்ந்த எல்லாருக்கும் ஒரு நீலச் சட்டை கொடுப்பார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அந்தச் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டே இருப்பாள். "எந்த ஆபீஸுக்கு மேனேஜராப் போற?" என்று ஒருநாள் கேட்டேன். அன்றிலிருந்து அவள் மேல்பொத்தான் ஆனாள். பதிலுக்கு எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தாள். அதில் எனக்கு வருத்தமில்லை, உள்ளதைத்தானே சொன்னாள்.

பொத்தானைப் போட்டதற்குக் காரணம் அவள் கழுத்தில் இருந்த கட்டி. தாடைக்குச் சற்றுக் கீழே, நட்டநடுவில், கோலிக்குண்டு அளவு இருக்கும். வலி கிடையாது. சின்ன வயதிலிருந்தே இருந்ததாம். பழகி ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குக் காட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் எழுந்து போனபிறகு பொத்தானைக் கழற்றி, "இப்போ பாரு" என்று நாக்கை நீட்டினாள். கட்டி மேலே ஏறியது. நாக்கை உள்ளே இழுத்ததும் இறங்கியது. "எங்க வீட்ல லிஃப்ட் இருக்கு, உங்க வீட்ல இருக்கா?" என்றாள். நான் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

அவள் சிரித்தாளே தவிர, அந்தக் கட்டி அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் குண்டு விழுங்கி என்று கூப்பிட்டார்களாம். அவள் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய கவலை. ஒரே பெண், கணவரும் இல்லை. தினமும் காலையில் மகளை வாசலில் நிறுத்தி, "நாக்கை நீட்டு" என்பாராம். ஏறி இறங்கும் கட்டியை ஒரு விரலால் தொட்டு, நேற்றைவிட வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கு அனுப்புவாராம்.

அம்மாவுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. அறுவை அறையிலிருந்து வரும் பச்சைத் துணிகளைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பது. கை எப்போதும் வெந்து சிவந்திருக்கும். நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் அந்தக் கையாலேயே சாப்பாடு போட்டுவிட்டு, "இவ கழுத்துக்கு ஒரு வழி பொறந்துட்டா நான் நிம்மதியா கண்ண மூடுவேன்" என்பார்.

அந்த வழி பிறந்தது அவளுக்கு இருபத்துமூன்று வயதில். அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது. அடுத்த மாதம் அவருடைய அம்மா பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மேல்பொத்தானின் அம்மா ஆடிப்போனார். வருகிறவர் முன்னால் எத்தனை நேரம் கழுத்தை மூடிக்கொண்டு உட்கார முடியும்?

அவருக்குத் தெரிந்த அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். தெரிந்தவர் என்றால், அவருடைய உடுப்பை அம்மா துவைப்பார், அவர் போகும்போது தலையசைப்பார், அவ்வளவு பழக்கம். அவருடைய அறை வாசலில் அம்மா நாள்தவறாமல் போய் நின்றார். கடைசியில் அவர் மனம் இரங்கினார். மகளை வரச்சொல்லி, நாக்கை நீட்டச்சொல்லிப் பார்த்துவிட்டு, "சின்ன நீர்க்கட்டிதான்மா. அரை மணி நேர வேலை" என்றாராம். அங்கிருந்த நர்ஸ், முதலில் ஸ்கேனுக்கு எழுதவா என்று கேட்டிருக்கிறாள். அதற்கு வரிசையில் காத்திருந்தால் இரண்டு மாதமாகும். அம்மா அவர் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். "நம்ம அம்மாதானே, நாளைக்கே சேர்த்துடுங்க" என்று அவர் சொல்லிவிட்டார். நல்ல மனிதர். உதவி செய்ய நினைத்தவர். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

கட்டி போனது. கழுத்து மடிப்போடு மடிப்பாக ஒரு மெல்லிய தழும்பு மட்டும் இருந்தது. வேலைக்குத் திரும்பிய அன்று அவள் மேல்பொத்தானைத் திறந்துவிட்டு வந்தாள். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். மெஷின் நடுவில் நின்று நாக்கை நீட்டினாள். எதுவும் அசையவில்லை. "லிஃப்ட் ரிப்பேர்" என்றாள். அன்றைக்கு அவளைவிட அழகி அந்தக் கட்டடத்தில் யாருமில்லை. அவள் அம்மாவோ பார்க்கிறவர்களிடமெல்லாம், "நான் அவளுக்குச் செஞ்ச ஒரே நல்ல காரியம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழக்கம் விடாமல், மகளைப் பார்க்கும்போதெல்லாம் "நாக்கை நீட்டு" என்பார். தொட்டுப் பார்ப்பார். "பாத்தியா, ஒண்ணும் இல்ல" என்பார்.

கல்யாணம் நடந்தது. அவளுக்கு இனி வேண்டியது ஒன்றே ஒன்று, குழந்தை. அதை மறைக்கவெல்லாம் மாட்டாள். கடைத்தெருவில் யார் குழந்தையைப் பார்த்தாலும் நின்றுவிடுவாள். அவளை இழுத்துக்கொண்டு போவது என் வேலை.

சில மாதங்களில் அவள் மாற ஆரம்பித்தாள். முதலில் குளிர். எல்லாரும் வியர்த்துக் கொட்டும்போது மின்விசிறியை நிறுத்தச் சொல்வாள். அதற்காக மூன்றாவது வரிசைப் பெண்களுக்கும் எனக்கும் தினமும் சண்டை. அடுத்து தூக்கம். காலருக்கு உள்துணி வைத்து, மறுபக்கமாகத் தைத்து, முனையை வெட்டி, திருப்பி, கூராக எடுக்க வேண்டும். இரண்டு முனையும் ஒன்றுபோல் இருக்கவில்லை என்றால் சட்டை போட்டவன் முகமே கோணலாகத் தெரியும். அதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள் கையிலிருந்து கோணல் காலர்கள் வர ஆரம்பித்தன. குரல் கரகரத்தது. முகம் ஊதியது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நான் ஒரு கைப்பட்டையைத் தைத்து முடித்துவிடலாம்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கல்யாணமான புதுசு என்றார்கள். மாமியார் வீட்டுச் சாப்பாடு என்றார்கள். மாமியார் அவளுக்கு மூட்டை என்று பெயர் வைத்தார். நான் வைத்த பெயரில் பாசமாவது இருந்தது. மருத்துவரிடமும் போனோம், ஒருவரல்ல, பலரிடம். ரத்தச்சோகை என்று மாத்திரை கொடுத்தார்கள், மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள், தினமும் நடக்கச் சொன்னார்கள். கழுத்தில் ஓர் அறுவை நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முடிந்துபோன நல்ல விஷயத்தை நோய்களோடு சேர்த்து யார் சொல்வார்கள்?

மூன்று முறை உண்டானாள். மூன்றும் தங்கவில்லை. மூன்றாம் மாதம் தாண்டுவதற்குள் போய்விடும். கடைசித் தடவை நான்தான் உடனிருந்தேன். அழக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. "எனக்கு அழுகை வர்றதுக்கே லேட்டாகுதுடி" என்றாள். நான் அவளுக்கும் சேர்த்து அழுதேன்.

கணவர் கெட்டவர் இல்லை. நிறையப் பொறுத்துப் பார்த்தார், பிறகு முடியவில்லை. பாதிப் பேச்சில் தூங்கிவிடும் மனைவியோடு எவ்வளவு பேசுவது என்று என்னிடமே ஒருநாள் கேட்டார். இப்போது அவர் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார், இரண்டு பிள்ளைகள். இவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். தொழிற்சாலையில் காலரை எடுத்துவிட்டு, தைத்து முடிந்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் வேலையைக் கொடுத்தார்கள். அதையும் அவள் குறை சொல்லாமல் செய்தாள். நாற்பது வயதுக்குள் அவளுக்கு என் அம்மாவின் நடை வந்துவிட்டது.

ஒரு குளிர்காலத்தில் பிசிறு வெட்டிக்கொண்டே மேசையில் சாய்ந்தாள். எழுப்பினால் எழவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது. நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன், அவள் அம்மா வெளியூருக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தார். மருத்துவமனையில் பார்த்தது ஒரு இளவயது டாக்டர். நாடித்துடிப்பு எண்ணும்போது அவருடைய கண் கழுத்தில் நின்றது.

"இந்தத் தழும்பு என்னது?"

"அது ஒண்ணுமில்ல டாக்டர். எப்பவோ ஒரு கட்டி எடுத்தது" என்றேன்.

"நடுவுல இருந்ததா? நாக்கை நீட்டினா மேல ஏறுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவருக்கு எப்படித் தெரியும்? ரத்தம் எடுத்தார்கள், கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். அவள் கண் திறந்து, எழுந்து உட்காரும் நிலைக்கு வர ஒரு வாரம் ஆனது. அன்றைக்கு, அம்மா இல்லாத நேரத்தில், டாக்டர் கட்டிலில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னார்.

"உங்க அம்மா வயித்துல நீங்க ஒரு பட்டாணி அளவுகூட இல்லாதப்போ, நாக்கோட வேர்ப்பக்கம் ஒரு புள்ளி மாதிரி தைராய்டு முளைக்கும். முளைச்ச இடத்துல அது இருக்காது. கழுத்து உருவாக உருவாக, மெல்லக் கீழ இறங்கி, குரல்வளைக்குக் கீழ வந்து உக்காரும். சில பேருக்கு மட்டும் பாதி வழியிலேயே நின்னுடும். உங்களுக்கு அப்படித்தான் நின்னிருக்கு."

"நின்னா தப்பா?" என்று மேல்பொத்தான் கேட்டாள்.

"தப்பில்ல. நின்ன இடத்துலேர்ந்தே உடம்புக்குச் சூடும் தெம்பும் குடுக்கற வேலையைப் பார்க்கும். வெளிய ஒரு சின்னக் கட்டியாத் தெரியும், அவ்வளவுதான்."

என் வாய்தான் கேட்டது. "அப்போ அன்னைக்கு எடுத்தது?"

"அவங்ககிட்ட இருந்ததே அது ஒண்ணுதான்" என்றார் டாக்டர். "ஏதோ ஒரு துணுக்கு ஒட்டிட்டு இருந்திருக்கணும். அதுதான் இத்தனை வருஷம் இழுத்துப் பிடிச்சிருக்கு. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேன் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

நான் அந்த அறையில் கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அந்த அறுவை மருத்துவர் எப்போதோ இறந்துவிட்டிருந்தார். மேல்பொத்தான் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "அம்மாவுக்குத் தெரியக்கூடாது" என்றாள். எல்லாவற்றையும் கேட்டபிறகு அவள் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். "சத்தியம் பண்ணு." நான் மாட்டேன் என்றேன். விடவில்லை. ஊசி குத்திய கையை நீட்டிக்கொண்டே இருந்தாள், நான் அதில் அடிக்கும்வரை.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். சில மாதங்களில் முகம் வடிந்தது. குரல் திரும்பியது. கையைத் தொட்டால் சுட்டது. ஒருநாள் மின்விசிறியைப் போடச் சொன்னாள், நான் ஓடிப்போய்ப் போட்டேன். மேற்பார்வையாளரிடம் போய்த் தானே கேட்டு, காலர் மெஷினில் மீண்டும் உட்கார்ந்தாள். முதல் காலரின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து எனக்குக் காட்டினாள். மயிரிழைகூட வித்தியாசமில்லை. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தூங்கி எழுந்த மாதிரி இருக்குடி" என்றாள். "எழுந்து பார்த்தா வீட்ல யாரையும் காணோம்."

நான் அவள் கையிலிருந்த காலரை வாங்கி அடுக்கில் வைத்தேன்.

மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அந்த டாக்டரைக் கேள்வி கேட்டே கொன்றாள். கழுத்து எப்படி வருகிறது? முகம் எப்படி வருகிறது? டாக்டரும் சலிக்காமல் சொல்வார். அதை அவள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொல்வாள். ஆரம்பத்தில் கழுத்தென்று ஒன்றே கிடையாதாம், தலை நெஞ்சின்மேல் கவிழ்ந்து கிடக்குமாம். இரண்டு பக்கமும் வரப்பு வரப்பாக மடிப்புகள் எழும்புமாம். அதிலிருந்துதான் தாடை, காதெலும்பு, குரல்வளை எல்லாம். காது முதலில் கழுத்துப்பக்கம் முளைத்துப் பிறகு மேலே போகுமாம். மேலுதடு இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேருமாம். "நம்ம காலர் மாதிரியேடி. ரெண்டு முனையும் சரியா வந்து சேரணும்" என்றாள். தைராய்டு புறப்பட்ட இடத்தில் ஒரு சின்னக் குழி, நாக்கின் வேரில், தொண்டைப் பக்கமாக, எல்லாருக்கும் கடைசிவரை இருக்குமாம். அவளுக்கும் இருக்கிறதாம். அன்று மாலை கண்ணாடி முன்னால் நின்று வாயைப் பிளந்து அதைத் தேடியிருக்கிறாள். அவ்வளவு உள்ளே தெரியாது.

ஒருமுறை நான் உடன் போயிருந்தபோது அவள் கேட்டது வேறு மாதிரியான கேள்வி.

"டாக்டர், எனக்கு மூணு போச்சு. மூணாம் மாசத்துல. அதுங்களுக்குக் கழுத்து வந்திருக்குமா?"

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "வந்திருக்கும்மா."

"முகம்?"

"முகமும்தான்."

"அதுங்களோட தைராய்டு கீழ இறங்கி வந்திருக்குமா?"

"இறங்கி வந்து உக்கார்ந்திருக்கும். ஆனா அப்பதான் வேலையே ஆரம்பிக்கும். அதுவரைக்கும் குழந்தைக்கு அம்மாவோடதுதான்."

"என்கிட்டதான் இல்லையே" என்றாள் மேல்பொத்தான்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் அழுதாள். இந்த முறை அழுகை தாமதமாகவில்லை. சேர்த்துவைத்திருந்த எல்லா வருடத்துக்கும் சேர்த்து, மூக்கொழுக, பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து இடம் மாறும் அளவுக்கு அழுதாள். அதுங்கள் எல்லாம் வழியில் நிற்காமல் சரியாக வந்து சேர்ந்திருந்தன, தன்னிடம் கொடுக்க ஒன்றுமில்லாததால்தான் போயின என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க அம்மாகிட்ட நான் சொல்லத்தான் போறேன்" என்றேன். "இன்னும் அந்தம்மா ஊரெல்லாம் பெருமை பேசிட்டு இருக்காங்க. எனக்குக் காது எரியுது."

"சொல்லி?"

"தெரியட்டும்."

"தெரிஞ்சா அந்தக் கட்டி எனக்குத் திரும்பி வந்துடுமா?" என்றாள். "துணி துவைச்ச கையோட அந்த ரூம் வாசல்ல நின்னாங்கடி. எனக்காக. அவங்க வயித்துல பாதி வழியில நின்னது நான். அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்."

நான் சொல்லவில்லை. அம்மாவிடம் ரத்தச்சோகை என்றே சொல்லிவைத்தோம். "அப்பவே சொன்னேன், ஒழுங்கா சாப்பிடுன்னு" என்று அவர் மகளைத் திட்டினார். மகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

போன மாதம் அம்மா படுக்கையில் விழுந்தார். மதிய இடைவேளையில் நாங்கள் இருவரும் போவோம். கடைசியாக நான் பார்த்த அன்று வார்டில் நல்ல வெளிச்சம். அம்மாவுக்கு நினைவு வந்து வந்து போனது. என்னை அடையாளம் கண்டு, "வாயாடி" என்றார். பிறகு மகள் பக்கம் கையைக் காட்டி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "நான் இவளுக்கு... வேற எதுவும் செய்யல. நல்ல இடத்துல வாழவைக்கல. பேரப்புள்ளையும் பார்க்கல. அந்தக் கழுத்து ஒண்ணுதான்... சரி பண்ணிக் குடுத்தேன்" என்றார்.

என் வாய் திறந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சொல் நுனி நாக்குக்கு வந்துவிட்டது. மேல்பொத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நாக்கை நீட்டு" என்றார் அம்மா.

அவள் கட்டிலருகே குனிந்தாள். சட்டையின் மேல்பொத்தான் திறந்துதான் இருந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைபோல நாக்கை நீட்டினாள். அம்மாவின் விரல் மெல்ல மேலே வந்து, தழும்பைத் தேடி, அதன்மேல் நின்றது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கி, அந்த விரல் வரைக்கும் போனது. அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"பாத்தியா" என்றார். "ஒண்ணும் இல்ல."

அவள் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா. ஒண்ணும் இல்ல."

அம்மா அப்படியே தூங்கிப்போனார். விரல் கழுத்திலேயே இருந்தது. இடைவேளை முடிந்து நான் வேலைக்குக் கிளம்பும்போதும் அவள் குனிந்தபடியேதான் இருந்தாள், கழுத்தை நகர்த்தவில்லை.